பூஜ்யத்தில் நடுங்கிய முள்

ஆயுத பூஜை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு என் மகள் தர்ஷினியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவள் இல்லை. அவள் வேலை பார்க்கும் முலாம் பட்டறையின் முதலாளி குபேந்திரன்.

"அம்மா, கொஞ்சம் பட்டறை வரைக்கும் வர முடியுமா? பதறாம வாங்க. பாப்பா நல்லாத்தான் இருக்கு. ஒரு சாமி கிரீடத்துல தங்கம் கொறையுது. உள் அறையில பாப்பா மட்டும்தான் இருந்துச்சு. பார்ட்டி சத்தம் போடுறாங்க."

பதறாமல் வரச் சொல்கிறவர்கள் அதற்குப் பிறகு இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் என் இரண்டு செருப்பும் வேறு வேறு ஜோடி என்று பார்த்தேன். இப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசி அடித்தால் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. மதுரையில், முலாம் பட்டறைகளுக்கு ஏற்றபடி கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் ரெக்டிஃபையர் என்ற இயந்திரத்தைத் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில், சோதனைப் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவின் பொறுப்பாளராக வெளியே வந்தேன். இப்போது அங்கே இருக்கும் இளம் பொறியாளர்கள், "உங்க காலத்துப் பெரிய மெஷின்களைப் பத்தி எழுதிக் குடுங்க மேடம்" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அவர்கள் செய்கிற இயந்திரத்தை ஒரு கையில் தூக்கிவிடலாம். நாங்கள் செய்தது பீரோ மாதிரி இருக்கும். நான்கு பேர் வேண்டும். என்ன எழுதுவது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் எதிலிருந்து மீண்டாள் என்பது புரியாது.

பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளமோ முடித்தவுடன் வேலை கிடைத்தது. சோதனைக் கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். முதல் மாதங்களில் கற்றுக்கொண்டவற்றில் இப்போது நினைவில் நிற்பது ஒன்றே ஒன்று. எங்கள் மேலாளர் வேதமூர்த்தி சார் ஒரு கண்ணாடித் தொட்டியில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, இரண்டு செப்புத் தகடுகளை எடை போட்டுத் தொங்கவிட்டார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் குறைந்த வோல்டேஜ் கரண்ட்டை நேராக அதற்குக் கொடுத்தார். "போய் டீ சாப்பிட்டு வாங்க" என்றார். வந்து எடை போட்டோம். இரண்டு தகடும் பழைய எடையிலேயே இருந்தன. பிறகு நடுவில் ஒரே ஒரு டயோடைச் சேர்த்தார். மறுபடியும் டீ. இம்முறை ஒரு தகட்டின் எடை கூடியிருந்தது, மற்றதன் எடை குறைந்திருந்தது.

நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் ஏ.சி. அது ஒரு நொடிக்குள் ஐம்பது முறை முன்னே போய்ப் பின்னே வருகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் முலாம் தொட்டிக்கு அது ஆகாது. முன்னே போகும்போது பூசியதைப் பின்னே வரும்போது உரித்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஒரே பக்கம் ஓடும் டி.சி. வேண்டும். டயோடு என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. முன்னே போகிறதை விடும், திரும்பி வருவதை விடாது. ஒரு டயோடு மட்டும் போட்டால் கரண்ட்டில் பாதி வீணாகிறது. வருகிற பாதியும் விட்டு விட்டு வருகிறது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனையிலும் முனைக்கொரு டயோடு போட்டு, நடுவிலிருந்து இன்னொரு கம்பி எடுப்போம். முதல் பாதியில் ஒரு டயோடு விடும், மறு பாதியில் மற்றது விடும்.

இதை நான் கரும்பலகையில் வரைந்தபோது வேதமூர்த்தி சார் கேட்டார்: "ரெண்டு பேர் ஒரே உரல்ல மாத்தி மாத்தி உலக்கை போடுறதைப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தர் தூக்கும்போது இன்னொருத்தர் போடுவார். கைகள் மேலயும் போகும், கீழயும் வரும். ஆனா உரலுக்குள்ள விழுற குத்து எப்பவும் கீழ்நோக்கித்தான். அதுதான் இது."

அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. கூட்டிப் பெருக்குகிறவரையும் 'நீங்க' என்பார். குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. ஒரு இயந்திரத்தில் குறை தெரிந்தால் வாயைத் திறக்க மாட்டார். "ஒரு நாற்காலி குடுங்க" என்பார். இயந்திரத்துக்கு எதிரே அதைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான். யார் செய்த இயந்திரமோ அவருக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். "சார் நாற்காலி கேட்டுட்டார்" என்ற செய்தி கூடம் முழுக்கப் பரவும். அவர் உட்கார்ந்தே இருப்பார். குறையை நாமே கண்டுபிடித்துச் சொல்லும் வரை எழுந்திருக்க மாட்டார்.

டயோடு மாட்டுவதில் அவருக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. பெரிய டயோடு பார்க்க ஒரு தடித்த போல்ட் மாதிரி இருக்கும். அதை அலுமினியத் தகட்டில் முறுக்கி உட்கார வைப்போம். டயோடுக்குள் உண்டாகும் சூட்டை அந்தத் தகடுதான் இழுத்து வெளியே விடுகிறது. ஆகவே டயோடு உட்காரும் இடம் கண்ணாடி போல் இருக்க வேண்டும். நைசான உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, சூடு கடத்தும் பசையை மெல்லிசாகத் தடவி, இவ்வளவு விசைக்கு மேல் முறுக்கக் கூடாது என்று அளவு வைத்த ஸ்பானரால் முறுக்க வேண்டும். நடுவில் ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் சூடு தேங்கும். சூடு தேங்கினால் டயோடு சாகும்.

பிறகு முழுச் சுமை கொடுத்து ஒரு பகல் பூராவும் ஓட விடுவோம். மீட்டரைப் படித்துவிட்டுப் போக முயன்றால் சார் நிறுத்துவார். "மீட்டர் ஒரு சாட்சி. ஒருத்தர் சொல்றதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதாதீங்க. சூட்டைக் கேளுங்க, சத்தத்தைக் கேளுங்க. மூணும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பாருங்க." புறங்கையைத் தகட்டுக்கு அருகே கொண்டுபோய் சூடு பார்ப்பதும், கண்ணை மூடி இரைச்சல் கேட்பதும் எனக்கு அங்கே பழக்கமானவை. இன்றைக்கும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பக்கம் போனால் என் புறங்கை தானாக நீளும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கோரிப்பாளையத்தில் ஒரு பாய் நிக்கல் முலாம் கடை வைத்திருந்தார். சைக்கிள் சாமான், அலமாரிக் கைப்பிடி எல்லாம் பளபளவென்று வரும். ஒரு முறை எல்லாமே மங்கிப் போய் வருகிறது என்று ஆள் கேட்டார். நான் கருவிப் பையோடு பஸ்ஸில் போய் இறங்கினேன். பாய் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்ஜினியர் சாப் வரலையா?"

"நான்தான் பாய்."

"அப்படியா..." என்று இழுத்தவர், வந்தவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் உள்ளே கூட்டிப் போனார். "மூணு வாட்டி சொல்யூஷன் மாத்திட்டேன்மா. மீட்டர் கரெக்டா காட்டுது. ஆனா ஜாமான் பூரா சாம்பல் பூத்தாப்ல வருது. யா அல்லா, இனி கடையைத்தான் மாத்தணும்."

அது ஆறு டயோடு போட்ட பெரிய இயந்திரம். உள்ளே நுழையும்போதே இரைச்சல் கட்டைக் குரலில் இருந்தது. அந்த இயந்திரத்துக்கு மெல்லிய, நெருக்கமான ரீங்காரம்தான் உண்டு. புறங்கையை ஒவ்வொரு தகடாக நீட்டினேன். ஐந்து சுட்டன. ஒன்று குளிர்ந்திருந்தது.

"பாய், இதுதான் சீக்காளி."

"என்னம்மா சொல்றீங்க? மத்ததெல்லாம் ஜுரம் வந்த மாதிரி கொதிக்குது. இது ஒண்ணுதான் தெம்பா இருக்குன்னு நான் நெனச்சேன்!"

ஆறு பேர் இழுக்க வேண்டிய பாரத்தில் ஒருவர் கையை விட்டுவிட்டார். மீட்டர் கொஞ்சம் இறங்கியதும் பாய் கரண்ட்டைக் கூட்டும் திருகைத் திருப்பிச் சரிக்கட்டியிருக்கிறார். ஆகவே மீட்டர் பழைய எண்ணையே காட்டியது. ஆனால் கரண்ட் சீராக வராமல் குலுங்கிக் குலுங்கி வந்தது. முலாம் அதனால் மங்கியது. அந்த டயோடை மாற்றியதும் ரீங்காரம் திரும்பியது. அதற்குப் பிறகு பாய் கம்பெனிக்குப் போன் செய்தால் "இன்ஜினியர் சாப்" என்று கேட்டதில்லை. "அந்த அம்மாவை அனுப்புங்க" என்பார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகளில் முதலாவது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இனி அந்தப் பிற்பகல்.

பட்டறை காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. உள்ளே போனேன். மேஜை மேல் என் மகளின் கைப்பை கவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தது. டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. குடையை விரித்துப் பார்த்திருக்கிறார்கள். தலைக்குப் போடும் கிளிப், தைலப் புட்டி, பஸ் டிக்கெட்டுகள். தர்ஷினி ஒரு ஸ்டூலில், இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முகம் மட்டும் யாரோ துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

"எடுக்கலம்மா" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். மேஜையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் குலதெய்வக் கோயிலுக்கு வெள்ளிக் கிரீடம். பங்காளிகள் சேர்ந்து தங்கம் வாங்கி வந்து, தங்கள் கண் முன்னாலேயே தொட்டிக் கரைசலில் கரைக்கச் செய்திருக்கிறார்கள். பட்டறை வழக்கம் இப்படி: கிரீடத்தை முதலில் எடை போடுவார்கள். ஒரு பூச்சு போட்டு, கழுவித் துடைத்து, மறுபடி எடை போட்டு, ஏறிய தங்கத்தைக் காட்டுவார்கள். மெருகு தேய்த்துவிட்டு இரண்டாம் பூச்சு. காலையில் முதல் பூச்சு நன்றாக ஏறியது. வந்தவர்கள் எடையைப் பார்த்துத் திருப்திப்பட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து இரண்டாம் எடை பார்த்தபோது, காலையில் இருந்ததைவிடக் கிரீடம் எடை குறைந்திருந்தது. ஒரு பக்கம் வெள்ளி தெரிகிற அளவுக்கு வெளுத்தும் இருந்தது.

பங்காளிகள் சார்பில் பேசியவர் சின்னச்சாமி. டிராக்டர் வைத்துத் தொழில் செய்கிறவர். நல்ல உயரம், நல்ல குரல்.

"வாங்கம்மா. பெத்தவுக வரட்டும்னுதான் ஸ்டேஷனுக்குப் போகாம உக்காந்திருக்கோம். காலையில இம்புட்டு ஏறுச்சுன்னு இதே பொண்ணுதான் காட்டுச்சு. இப்ப எறங்கிருச்சு. தங்கம் என்ன ஆவியா போச்சா? சாமி சொத்தும்மா. நாங்க என்ன கேனப் பயலுகளா?"

குபேந்திரன் வீட்டுக்குப் போனில் தம் தாய்மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டு, "சத்தியமா நான் பையைத் தொடலம்மா, அவங்கதான்..." என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மகளைத் தேற்ற வேண்டிய இடத்தில் என் வாயிலிருந்து வந்தது ஒரு சோதனைக் கூடத்துக் கேள்வி. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"ரெண்டாம் பூச்சுல முள் எங்க நின்னுச்சு?"

அவள் நிமிர்ந்தாள். "சீரோலம்மா."

"அசையாமயா?"

"இல்ல, நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. மொதல்ல நான் தொட்டிக்குள்ள கிரீடத்தை ஆட்டிக்கிட்டு இருந்தேன், மீட்டரைப் பார்க்கல. பார்த்ததும் திருகை ஏத்தினேன். முள் நகரல. வெளிய வேலை பார்த்துக்கிட்டு இருந்த முத்துராசு அண்ணே எட்டிப் பார்த்துட்டு, மீட்டர் ஒட்டிக்கிச்சு, தட்டுன்னாரு. தட்டினேன். சந்தேகமா இருந்துச்சும்மா. செப்புப் பட்டையைத் தொட்டா சுடுது. முள் கரண்ட்டே இல்லைங்குது, பட்டை சுடுது. ரெண்டும் சேராதேன்னு ஆஃப் பண்ணிட்டேன்."

இவள் படித்தது வேதியியல். என் வேலையைப் பற்றி வீட்டில் நான் பேசினால் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறவள். 'ரெண்டும் சேராதே' என்று இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. திருடி என்று நான்கு பேர் சொல்லிக்கொண்டிருந்த அந்த அறையில், பயத்துக்கு நடுவே எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது.

அவள் சொன்னதிலேயே விடை இருந்தது. அந்த மீட்டர் டி.சி.க்கு மட்டும் நகரும். ஏ.சி. போனால் முள் முன்னே இழுபட்டுப் பின்னே இழுபட்டு, எந்தப் பக்கமும் போக முடியாமல் பூஜ்யத்திலேயே நடுங்கும். ஆனால் கம்பி சுடத்தான் செய்யும். தொட்டிக்குள் போனது டி.சி. இல்லை.

நான் இயந்திரத்தை நோக்கி ஒரு அடி வைத்தேன். எங்கள் கம்பெனி இயந்திரம்தான். சின்னச்சாமி குறுக்கே வந்தார்.

"நீங்க தொடாதீங்க. ஆத்தாளும் மகளும் ஏதோ கணக்கு ஒப்பிக்கிறீக. மகளுக்கு ஏத்தாப்ல உள்ள எதையாச்சும் மாத்தி வச்சுட்டா?"

அவர் சொன்னது நியாயம்தான். என் இடத்தில் வேறு யாருடைய தாய் நின்றிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சரி. நான் தொடல. நீங்களே திறங்க" என்றேன். "எனக்கு ஒரு நாற்காலி குடுங்க."

மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரையும் கழற்றச் சொன்னேன். சின்னச்சாமி இயந்திரத்தின் கதவைத் திறந்தார். உள்ளே இருந்தது இயந்திரம் மாதிரி இல்லை, தேர் மாதிரி இருந்தது. சட்டம், தகடு, திருகாணி அத்தனையும் சில்வர் பெயிண்ட். அலுமினியத் தகடுகளில் சந்தனமும் குங்குமமும். டிரான்ஸ்ஃபார்மர் தலையில் வாடிய கதம்பம்.

"முத்துராசு தம்பி, இது உங்க வேலையா?"

பட்டறையின் மூத்த தொழிலாளி முத்துராசு பெருமையாகத்தான் முன்னே வந்தார். "ஆமாக்கா. பூசைக்கு வருசா வருசம் வெளியே மட்டும்தான் அடிப்போம். இந்த வருசம் உள்ளயும் அழுக்கா இருந்துச்சு. கழட்டி, தேச்சு, ரெண்டு கோட்டிங் குடுத்தேன்."

"டயோடையும் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படிக்கா அடிக்கிறது? ஓட்டையைச் சுத்தி முன்னயும் பின்னயும் நல்லா அடிச்சு, காய வச்சு, திருப்பி முறுக்கிட்டேன். சாமிக்குச் செய்யுறதுல கொறை வைக்கலாமா?"

அரை நொடி எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடி போல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பூச்சு வர்ணம். பூஜை முடிந்த பிறகு சின்னச் சின்ன வேலைகளுக்குத் தாக்குப் பிடித்திருக்கிறது. இன்று கிரீடத்துக்கு நீண்ட நேரம், அதிகக் கரண்ட். காலைப் பூச்சு முடியும் வரை டயோடு சூட்டைப் பொறுத்தது. மதியம் இந்த இயந்திரத்தின் இரண்டு டயோடுகளில் ஒன்று வெந்து, இரு பக்கமும் திறந்த கதவாகிவிட்டது. அதனால் பாய்ந்த அதிகக் கரண்ட்டில் மற்ற டயோடின் ஃபியூஸ் போய்விட்டது. கெட்ட டயோடின் ஃபியூசும் போயிருந்தால் எல்லாமே நின்றிருக்கும், ஒரு சேதமும் இல்லை. ஆனால் அந்த ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எப்போதோ ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். குபேந்திரன் முத்துராசுவைப் பார்த்தார். முத்துராசு மேற்கூரையைப் பார்த்தார்.

இதை நான் சொன்னால் யாரும் நம்பத் தேவையில்லை. சின்னச்சாமியிடமே சொன்னேன்: "உங்க வண்டி பேட்டரியும் ஒரு சின்ன பல்பும் வேணும். ரெண்டு டயோடையும் நீங்களே கழட்டி, ஒவ்வொண்ணா நடுவுல வச்சு பல்பை எரிய விடுங்க. அப்புறம் டயோடைத் திருப்பி வச்சு எரிய விடுங்க. ஒரு பக்கம் எரியணும், மறு பக்கம் எரியக் கூடாது."

வண்டி பேட்டரி வந்தது. முதல் டயோடை வைத்தபோது பல்பு எரிந்தது, திருப்பி வைத்தபோது எரியவில்லை. இரண்டாவதை வைத்தார். எரிந்தது. திருப்பினார். எரிந்தது. இன்னொரு முறை திருப்பினார்.

"அட, ரெண்டு பக்கமும் எரியுது! என் டிராக்டர் ஆல்டர்னேட்டர்லயும் இந்தச் சனியன்தானே இருக்கு. மெக்கானிக்கு இப்படித்தான் பாப்பான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது, ஆனால் கேள்வி தணியவில்லை. "மெசினு கெட்டுப்போச்சு, ஒத்துக்கிறேன். தங்கம் எங்கம்மா?"

கேட்க வேண்டிய கேள்விதான். தொட்டிக் கரைசலுக்குள் என்று நான் சொல்லலாம். கரைசலில் ஏற்கெனவே தங்கம் இருக்கிறது. கூடியிருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வர நாளாகும். அதுவரை என் மகள் யார்?

தர்ஷினி எழுந்து நின்றாள்.

"அண்ணே, தொட்டியில கிரீடத்துக்கு எதிர்ப்பக்கம் தொங்குற எஃகுத் தகட்டைத் தூக்கிப் பாருங்க. நான் தூக்க மாட்டேன். முதலாளி கையுறை போட்டுத் தூக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க."

"அதுல என்ன இருக்கு?"

"கரண்ட் ஒரே பக்கம் போனா கிரீடத்துல மட்டும்தான் தங்கம் ஏறும். அந்தத் தகட்டுல ஏறவே ஏறாது. வெள்ளையாவே இருக்கும். காலையில நீங்களே பார்த்தீங்க. முன்னும் பின்னும் போயிருந்தா, கிரீடத்துல உரிச்சதுல கொஞ்சமாச்சும் அதுல ஏறியிருக்கணும்."

குபேந்திரன் நீளக் கையுறையை மாட்டி, தகட்டைத் தூக்கி, நீரில் அலசிப் பிடித்தார்.

வெள்ளை எஃகின் மேல், கரைசலுக்குள் முங்கியிருந்த மட்டம் வரை, மஞ்சள் படர்ந்திருந்தது. மெல்லிய மஞ்சள்தான். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோது அது வேறெதுவும் இல்லை, தங்கம்தான் என்று தொழில் தெரியாதவருக்கும் தெரிந்தது. கரைசலுக்குள் தொங்கும் ஒரு தகட்டுக்கு யாரும் கையால் முலாம் பூச முடியாது. சின்னச்சாமி குனிந்து, மூக்கு படும் தூரத்தில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் என் மகளைப் பார்க்கவில்லை.

நான் இத்தனை வருடம் இந்த இயந்திரங்களைச் சோதித்தவள். அந்தத் தகடு எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

மிச்சம் வேலைதான். ஒவ்வொரு இயந்திரத்தின் கதவுக்கு உட்புறமும் இரண்டு டயோடும் இரண்டு ஃபியூசும் வைத்த ஒரு சின்னப் பெட்டியை ஒட்டித்தான் எங்கள் கம்பெனி அனுப்பும். வேதமூர்த்தி சார் ஏற்படுத்திய வழக்கம். அந்தப் பெட்டி திறக்கப்படாமல் இருந்தது, ஒரு குங்குமப் பொட்டோடு. முத்துராசு உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "போதுமாக்கா?" என்பார். "என் மூஞ்சி தெரியல" என்பேன். மறுபடி தேய்ப்பார். மூன்றாம் முறை, "அக்கா, இப்ப என் மூஞ்சியே தெரியுது, பாக்கத்தான் சகிக்கல" என்றார். அன்று அந்த அறையில் முதல் சிரிப்பு.

டயோடுகளை உட்கார வைத்து, சரியான ஃபியூஸ்களைப் போட்டு, அதே எஃகுத் தகட்டை அதே இடத்தில் தொங்கவிடச் சொன்னேன். கிரீடத்தைத் தர்ஷினிதான் இறக்கினாள். ஸ்விட்சைப் போட்டதும் முள் நிதானமாக எழுந்து நின்றது. ரீங்காரம் சீராக வந்தது. போகப் போக எஃகுத் தகட்டின் மஞ்சள் கரைந்து வெளுத்தது. கிரீடத்தின் வெளுத்த பக்கம் மஞ்சளாகி வந்தது. பங்காளிகள் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எடை போட்டபோது, காலையில் காட்டிய எடையைத் தாண்டித் தராசு நின்றது. சின்னச்சாமி இரண்டு முறை போடச் சொன்னார். இரண்டு முறையும் அதுவே.

அவர் மேஜைக்குப் போனார். குடையை மடக்கினார். டிபன் பாக்ஸை மூடி, கைப்பைக்குள் வைக்கப் போனார்.

"வைங்கண்ணே. என் சாமான நான் அடுக்கிக்கிறேன்" என்றாள் தர்ஷினி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கிரீடத்தைப் பட்டறையிலிருந்து வாங்க வேண்டியவர் அந்தக் கோயில் பூசாரி. முலாம் முடிந்த பிறகு அவர் கையில்தான் அது முதலில் போக வேண்டுமாம். ஊரிலிருந்து மதிய பஸ்ஸில் கிளம்பியவர் வெயில் இறங்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர். தோளில் மஞ்சள் துண்டு. சின்னச்சாமி வாசலிலேயே அவரை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். மறைக்காமல் சொன்னார் என்றுதான் சொல்ல வேண்டும். பையைக் கொட்டியதையும் சொன்னார். பூசாரி குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

தராசைப் பார்க்கவில்லை. கிரீடத்தைச் சற்று நேரம் பார்த்தார். சின்னச்சாமி அதைத் தூக்கிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

"நீ தள்ளி நில்லுய்யா" என்றார் பூசாரி. பிறகு துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து, என் மகள் முன்னால் வந்து நின்றார்.

"நீ எடுத்துக் குடு தாயி. உன் கையில இருந்து வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."